கயிற்றுக்குள் நிற்கிற கோல்காப்பாளர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நானும் அக்கா மகனும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை 1.83 மீட்டர் இடைவெளியில் வைத்தோம். ஒவ்வொன்றின் காலிலும் ராஃபியா கயிறு கட்டி, இரண்டு கயிறுகளையும் ஆறு மீட்டர் தள்ளித் தரையோடு தரையாக ஒரே புள்ளியில் சேர்த்து, அங்கே ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்தோம். பந்து விளையாடக் கூடாது என்று சுவரில் அறிவிப்பு இருக்கிறது. கயிறு கட்டக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆனாலும் அந்த வழியே போன சீன மூதாட்டி ஒருவர் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அவனுக்குப் பதினாறு வயது. ஐஸ் ஹாக்கியில் கோல்காப்பாளர். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. சிங்கப்பூர் 1996 முதலே அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பினர் என்று அவன் சொன்னபோது நானும் நம்பவில்லை. ஜூரோங் ஈஸ்டில் ஜேகியூப் கடைத்தொகுதிக்குள் 2012 இல் திறந்த ஒலிம்பிக் அளவுப் பனித்திடலில்தான் அவன் சறுக்கக் கற்றுக்கொண்டான். 2023 ஆகஸ்டில் கடைத்தொகுதியையே மூடிவிட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு அவனது பயிற்சியைப் பார்த்தேன். அவன் கையுறைக்குள் பக் (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வில்லை) ‘டப்’பென்று போய் விழும் அழகில் மயங்கி, “உன் கை மின்னல்தான்” என்றேன். “கை இல்லை மாமா, இடம்” என்றான். அந்த ஒரு சொல்லை விளக்கத்தான் இந்தக் கயிறும் நாற்காலியும்.

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். பக் என்பது 7.62 சென்டிமீட்டர் விட்டமும் 2.54 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட கெட்டியான ரப்பர் வில்லை. எடை 156 முதல் 170 கிராம். கிரிக்கெட் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஆட்டத்துக்கு முன் பக்கை உறைபெட்டியில் வைத்துக் குளிரூட்டுவார்கள். குளிர்ந்த ரப்பர் துள்ளாது. பனியோடு ஒட்டி வழுக்கும். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் திடலில், தாக்கும் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு வரை 19.5 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பக் 0.44 வினாடியில் கோலை அடைந்துவிடும். வேகப்பந்துக்கு நிற்கும் மட்டையாளருக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

ஆனால் மட்டையாளருக்கு முன்னால் யாரும் நின்று மறைப்பதில்லை. கோல்காப்பாளரின் கண்ணுக்கு முன்னே எதிரணியினரும் சொந்த அணியினரும் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். அதோடு, அடி எப்போதும் நீலக்கோட்டிலிருந்தே வருமா என்ன? ஆறு மீட்டரிலிருந்து மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.18 வினாடி. ஒன்றைக் கண்டு உடம்பு அசையத் தொடங்கவே மனிதருக்குச் சுமார் 0.2 வினாடி ஆகும். பார்த்துவிட்டுக் கையை நீட்டலாம் என்று காத்திருந்தால், கை கிளம்பும்போது பக் வலைக்குள் இருக்கும்.

இப்போது கயிறு. போத்தலை பக் என்று வைத்துக்கொண்டால், அது கோலுக்குள் போகக்கூடிய பாதை எல்லாம் இரண்டு கயிறுகளுக்கும் இடையில்தான். நாற்காலிகளுக்கு நடுவே, கோல் கோட்டின்மேல் நின்றால் காக்க வேண்டிய அகலம் முழு 1.83 மீட்டர். அவன் அங்கிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் வந்து நின்றான். அந்த இடத்தில் கயிறுகளின் இடைவெளியை அளந்தேன்: 1.37 மீட்டர். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம்தான். இரண்டு எட்டு முன்னால் வைத்ததில் கோலின் கால் பங்கு காணாமல் போய்விட்டது.

உயரத்துக்கும் இதே கதை, அதுதான் என்னை உண்மையில் வியக்க வைத்தது. கோலின் உயரம் 1.22 மீட்டர். துடைப்பக் கட்டையை நிறுத்தி, அந்த உயரத்தில் மூன்றாவது கயிற்றைக் கட்டி, அதையும் போத்தலடிக்கு இழுத்தோம். அவன் நின்ற இடத்தில் அந்தக் கயிறு தரையிலிருந்து 92 சென்டிமீட்டரில் போனது. அவன் மண்டியிட்டு, முழங்கால்களைச் சேர்த்து, கீழ்க்கால்களை இருபுறமும் வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல விரித்தான். கயிறு அவன் தோளை உரசியது. மண்டியிட்டவன் மேல்பகுதியைத் திறந்துவிடுகிறான் என்பது பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்கும் நம் கண்ணின் மயக்கம். தரையில் கிடக்கும் பக்குக்கு வலையில் தெரிவது சில மூலைகள் மட்டுமே.

இந்த ‘பட்டர்ஃபிளை’ பாணிக்கு வழிவகுத்தவர் என்எச்எல் கோல்காப்பாளர் கிளென் ஹால். பின்னர் பாட்ரிக் ராய் ஆடியதைப் பார்த்து ஒரு தலைமுறையே அதைப் பின்பற்றியது. ஹால் 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 502 ஆட்டங்களில், முகக்கவசம் இல்லாமல், முழுமையாக ஆடியவர். ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பதும் அவருக்கு வழக்கம். முகக்கவசம் அன்றாட வழக்கமானது இன்னொரு கோல்காப்பாளரான ஜாக் பிளான்ட்டால். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஓர் அடி அவர் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டு வந்தவர், கவசம் இல்லாமல் இனி ஆடமாட்டேன் என்றார். அன்று அணியில் மாற்றுக் கோல்காப்பாளர் இல்லை. பயிற்சியாளர் வேறு என்ன செய்வார்?

முன்னால் வந்தால் இவ்வளவு லாபம் என்றால், இன்னும் முன்னால் வரலாமே என்று கேட்டேன். அவன் போத்தலை ஒரு மீட்டர் பக்கவாட்டில் தள்ளினான். கயிறுகளின் நடுவில் மறுபடி நிற்க, ஒன்றரை மீட்டர் முன்னால் இருப்பவன் 25 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். மூன்று மீட்டர் முன்னால் இருப்பவன் அரை மீட்டர் நகர வேண்டும். பக் ஒரு மட்டையிலிருந்து இன்னொரு மட்டைக்குக் கண் இமைப்பதற்குள் போய்விடும். எவ்வளவு முன்னால் என்பதை நொடிக்கு நொடி தீர்மானிப்பதுதான் இந்த வேலை.

கண்ணும் அப்படித்தான். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸும் சக ஆய்வாளரும் கோல்காப்பாளர்களுக்குப் பார்வையைப் பதியும் கருவியை மாட்டிப் பனியில் ஆட வைத்தார்கள். தடுக்கப்பட்ட அடிகளில், மட்டை பக்கைத் தொடுவதற்கு முன்பே பார்வை அங்கே நிலைகுத்தி நின்றிருந்தது.

இதை வைத்துப் பிழைப்பது எளிதில்லை. என்எச்எல்லில் 32 அணிகள். ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு இரண்டு கோல்காப்பாளர் வீதம் 64 இடங்கள். நூறு அடிகளில் 90 ஐத் தடுப்பவருக்கும் 92 ஐத் தடுப்பவருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு 30 அடிகள், பருவத்துக்கு 60 ஆட்டங்கள் என்று பெருக்கினால் அது 36 கோல். வேலை போவதற்கும் கோப்பை வருவதற்கும் அது போதும். இடம் அறிவது அனுபவத்தில் வருவதால், தாமதமாக மலர்கிறவர்களும் உண்டு. 1994 இல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஒன்பதாம் சுற்றில் தேர்வான டிம் தாமஸ், ஃபின்லாந்து, ஸ்வீடன் என்று அலைந்து, முப்பதைத் தாண்டியே என்எச்எல்லில் நிலைத்தார். 37 வயதில் என்எச்எல்லின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

விலை கொடுப்பது இடுப்பு. தொடையெலும்பு உள்நோக்கித் திருகியபடி முழங்கால் பனியில் இடிப்பதால், இடுப்பு மூட்டின் விளிம்பு உரசித் தேய்கிறது. இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட கோல்காப்பாளர்கள் பலர். அக்கா மகன் சிறுவயதில் கால்களை இருபுறமும் மடக்கித் தொலைக்காட்சிமுன் உட்காருவான். “கால் கோணிவிடும்” என்று அம்மா அதட்டுவார். ஏறக்குறைய அதே உட்காரல்தான் இப்போது பயிற்சி. அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினோம். அவன் கையுறையை எடுக்கக் குனிந்த நேரம், போத்தலைச் சத்தமில்லாமல் ஒரு மீட்டர் இடப்பக்கம் நகர்த்தினேன். நிமிர்ந்தவன் போத்தலை ஒரு முறை பார்த்தான். காலைத் தூக்காமல், செருப்பைத் தேய்த்து நகர்ந்து நின்றான். கையால் அளந்து பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல்.