எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டம். ரிக் வண்டி 640 அடி தாண்டியும் குழியிலிருந்து வெறும் புகைதான் வருகிறது. தோட்டக்காரருக்கு இது மூன்றாவது போர். "சார், ஆயிரம் போட்டுடலாமா? பக்கத்துக் காட்டுல ரெண்டு இன்ச் தண்ணிங்க" என்றார். நிலத்தடி நீர் பார்க்கும் என் வேலையில் தினமும் காதில் விழும் கேள்வி "எத்தனை அடி?" என்பதுதான். கீழே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் 'கீழே'வுக்கு எங்கள் துறையில் சப்ஸ்ட்ராட்டம் என்று பெயர். பல அடுக்குகள் என்றால் சப்ஸ்ட்ராட்டா. லத்தீனில் 'அடியில் விரித்தது' என்று பொருள், பாய் விரிப்பதுபோல. தமிழில் கீழடுக்கு என்று சொன்னால் போதும். உழுகிற மண்ணுக்குக் கீழே இருப்பதை விவசாயி அடிமண் என்கிறார், அதுவும் இந்தக் குடும்பம்தான். உயிரியலில் சிப்பி ஒட்டிக்கொள்ளும் பாறையும் காளான் படரும் வைக்கோலும் இதே பெயரில் வரும். மொழியியலில் இன்னும் சுவாரசியம்: அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அவர்கள் பேச்சில் தங்கிவிட்டது. அப்படித் தங்கும் பழைய மொழிக்கும் இதே சொல்தான்.

அடியில் இருப்பது மேலே இருப்பதைவிட மூத்தது என்ற விதியை 1669-லேயே நிலவியல் முன்னோடி நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் 130 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 2172 என்று வந்ததும், அங்கே இரும்பின் வயது 4,200 ஆண்டுகளுக்குப் போனது. எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறிக்காமல் தோண்டி எடுத்திருந்தால் அது வெறும் பழைய இரும்பு.

போர் போடும்போது நாம் செய்வது அப்படிக் குறிக்காத வேலைதான். ரிக் வண்டி கக்கும் தூளைக் காலால் தள்ளிவிடுகிறோம். நான் பத்தடிக்கு ஒரு கைப்பிடி எடுத்துச் சாக்கில் வரிசையாகக் கொட்டச் சொல்வேன். அன்றைக்கு முதல் கைப்பிடி செம்மண். அடுத்தது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி. அப்புறம் உப்பும் மிளகும் கலந்ததுபோல, நசுக்கினால் உதிரும் சிதைந்த பாறை, நடுநடுவே காக்காப்பொன் (மைக்கா) மினுமினுப்பு. 70 அடிக்குக் கீழே கெட்டிக்கல் தூள், சாம்பல் நிறம். அதன்பிறகு 640 வரை நிறம் மாறவே இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் பெரும்பாலும் இந்தக் கதைதான். கெட்டிப்பாறை தண்ணீரை உறிஞ்சாது. சிதைந்த அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர். ஆழம் போகப்போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும், போர் போடும் ரேட் மட்டும் ஏறும். கேசிங் பைப்பைக் குறைவாக இறக்கினால் மண் சரியும். அளவுக்கு மீறி இறக்கினால் சிதைந்த அடுக்கும் பாறையும் சேரும் இடத்து ஊற்றை நாமே அடைத்துவிடுவோம். பைப்பை எங்கே நிறுத்துவது என்று அந்தச் சாக்குதான் சொல்லும்.

சரி, பக்கத்துக் காட்டில் மட்டும் எப்படி ரெண்டு இன்ச்? தோட்டத்தின் மேற்கு வரப்பை ஒட்டிக் கருப்புக் குண்டுக்கற்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நின்றன. டோலரைட். பிளாக் கிரானைட் என்று குவாரிக்காரர்கள் விற்பது பெரும்பாலும் இதைத்தான். பழைய பாறையின் பிளவில் குழம்பாக ஏறி இறுகியது, பூமிக்குள் சுவர்போல நிற்கும். நிலம் கிழக்கே சரிவு. மேற்கிலிருந்து வரும் நீரைச் சுவர் தடுத்து நிறுத்த, அந்தப் பக்கத்துக்காரருக்கு யோகம். சுவரின் கிழக்கே நிற்கும் இவருக்கு ஆயிரம் அடியும் ஒன்றுதான். ரெசிஸ்டிவிட்டி சர்வே ஒன்று முதலிலேயே செய்திருந்தால் இது தெரிந்திருக்கும். மண்ணில் மின்சாரம் செலுத்தி, எந்த அடுக்கு எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் முறை. ஈரமான சிதைந்த அடுக்கு சுலபமாக விடும், கெட்டிக்கல் தடுக்கும். அதுவும் நூறு சதவீதம் இல்லை, ஆனால் தேங்காய் உருட்டிப் பார்ப்பதைவிட நம்பலாம்.

தண்ணீர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். காக்காப்பொன் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்லமெல்லக் கரைந்து நீரில் சேரும். பாறையோடு அதிக காலம் கிடந்த நீரில் இது கூடும். குடிநீரில் அதிகபட்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக்கறை, பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். கொதித்தால் நீர்தான் வற்றும், ஃப்ளோரைடு கூடும். புது போர் நீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

தோட்டக்காரர் 640-லேயே நிறுத்திக்கொண்டார். கருங்கல் வரிசைக்கு மேற்கே, அவர் தம்பி பங்கு நிலத்தில் ஒரு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். பங்காளிகள் பேச்சு இன்னும் முடியவில்லை.