விளக்கு எரியும், எஞ்சின் சுற்றாது: கடலோரத்துப் பழைய கார்

திருகோணமலையில் ஒரு பழைய கார் காலையில் கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிகிறது. "விளக்கு எரிகிறதுதானே, பற்றரியில் பிழையில்லை, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது" என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மோட்டாரைக் கழற்றி, காசு கொடுத்துத் திருத்தி, திரும்பப் பூட்டிய பிறகும் அதே 'டக்'.

விளக்கு எரிவது எதை நிரூபிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதி போதும். பற்றரியின் முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் நடுவில் துரு படிந்து 0.02 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். ஒரு சோடி முன்விளக்குக்கு ஏறத்தாழ 8 அம்பியர் போதும். அந்த மின்னோட்டம் இந்தத் தடையைக் கடக்கும்போது இழப்பது 0.16 வோல்ற். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ சிறிய எஞ்சினைச் சுற்றுவதற்கே 150 அம்பியர் அளவில் கேட்கும். அதே தடையில் அது இழப்பது 3 வோல்ற். பன்னிரண்டு வோல்ற்றில் மூன்று வழியிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு எங்கிருந்து வலு வரும்? விளக்குக்கு நல்ல பற்றரியாகவும் மோட்டாருக்குக் கெட்ட பற்றரியாகவும் ஒரே பற்றரி தோன்றுவது இதனால்தான்.

இந்தத் தடையைப் பிடிக்க ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். அளக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயத் தண்டின் மேலேயே வையுங்கள். மற்ற முனையை அதே தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வையுங்கள். கார் சும்மா நிற்கும்போது மீற்றர் பூச்சியம்தான் காட்டும். மின்னோட்டம் ஓடாதபோது எவ்வளவு பெரிய தடையும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. இப்போது எஞ்சின் கிளம்பாதபடி இக்னிஷன் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, இன்னொருவரைக் கொண்டு ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் மீற்றர் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ற், ஒரு வோல்ற் என்று ஏறினால் திருடன் அகப்பட்டான். இதையே பற்றரியின் பூமி முனைக்கும் (காரின் உடலோடு இணைக்கப்பட்ட முனை) எஞ்சின் உடலுக்கும் இடையிலும் செய்து பாருங்கள். மீற்றர் இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. 150 அம்பியரும் 3 வோல்ற்றும் சேர்ந்தால் அந்த இணைப்பில் 450 வாற் வெப்பம் பிறக்கும். சில விநாடிகள் ஸ்டார்ட்டரை இயக்கிய பின் கிளாம்புகளை மெதுவாகத் தொட்டுப் பார்த்தால், சூடேறியிருப்பதே குற்றவாளி.

பற்றரியையும் ஐயப்பட வேண்டும்தான். ஓய்வில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12 வோல்ற் என்றால் ஏறக்குறைய வெறுமை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது நிறைந்த பற்றரியின் தண்டுகளிலேயே 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரிக்கே வயதாகிவிட்டது. இணைப்பைச் சோதித்த பிறகே புதியது வாங்குங்கள்.

நம் ஊரில் இணைப்புகள் இவ்வளவு வேகமாகக் கெடுவதற்குக் காரணம் கடல். அலையிலிருந்து எழும் நுண்துளிகள் காய்ந்து உப்புத்துகளாகக் காற்றில் வந்து காரில் படிகின்றன. சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவுகள் பலவற்றில் ஈரப்பதன் அந்த எல்லையைத் தாண்டும். ஆகவே, ஒரு துளி மழை இல்லாமலே, திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் நிற்கும் காரின் உலோகங்கள் இரவில் உப்புநீரால் நனைகின்றன. ஈயத் தண்டு, செப்புக் கேபிள், இரும்பு உடல் ஆகிய மூன்றும் உப்புக் கரைசலில் தொட்டுக்கொண்டால் அது தானாகவே ஒரு சிறு மின்கலம். அதில் இரும்பு கரையும். பற்றரியிலிருந்து கசியும் சல்பூரிக்கமிலம் தன் பங்குக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கச் செய்யும்.

அந்தப் பூவை அகற்ற அப்பச்சோடா கரைத்த வெந்நீர் போதும். அமிலத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு நுரைத்து வரும், நுரை அடங்கினால் அமிலம் தீர்ந்தது. கரைசல் பற்றரிக்குள் போகாதபடி மூடிகள் இறுகியிருக்க வேண்டும். பிறகு வயர் பிரஷால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, அதற்குப் பின் மேலே கிறீஸ் பூசுங்கள். கழற்றும்போது காரின் உடலுக்குப் போகும் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். பின்னர் ஸ்பனர் தவறி உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. 'கறுப்புக் கேபிள்தான் பூமி' என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் பழைய பிரித்தானியக் காரான மொறிஸ் மைனரில் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காரில் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டு வந்தது.

இன்னொரு பூமி இணைப்பை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் இறப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் உடலுக்கும் இடையில் தனியாக ஒரு பின்னல் கேபிள் ஓடுகிறது. அது அறுந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கேபிள் சுடுகிறதென்றால் 150 அம்பியரும் அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் போக முயல்கிறது.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் கேள்வி மாறுகிறது. அதற்கு வேண்டியவை சரியான நேரத்தில் தீப்பொறி, பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி, அதை நெருக்கும் அமுக்கம். தீப்பொறியை முதலில் பாருங்கள். பெற்றோல் வாசம் இல்லாத வெளியிடத்தில் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி, பிளக் குழியிலிருந்து தள்ளி, காப்பிட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு சுற்றச் செய்தால் நீலநிறப் பொறி பாய வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு தொடுமுனைகள் விலகும் கணத்தில் கொயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவே 12 வோல்ற்றைப் பல ஆயிரம் வோல்ற்றாக்குகிறது. மைனரில் அந்த விலகல் 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர்தான். அவ்வளவு நுண்ணிய இடைவெளி தேய்ந்தோ கரிந்தோ போனால் பொறி மஞ்சளாகி மெலியும்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் கோத்துக்கொள்ளும். உப்பு கலந்த ஈரம் நல்ல கடத்தி. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட மூடியின் சுவரில் ஊர்ந்து இறங்குவது மின்சாரத்துக்கு எளிது. இருட்டில் பொனற்றைத் திறந்து பார்த்தால் நீலக் கோடுகளாக ஓடுவது தெரியும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகும். ஆனால் மயிரிழை போலக் கரிக்கோடு விழுந்திருந்தால் கரியே கடத்தி, துடைப்பது வீண், மூடியை மாற்றுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் வருத்தம் வேறு. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தை இழந்து, கிழக்கே இறங்கும்போது சூடாகி வரும் காற்று அது. ஹபரணையிலிருந்து ஒரே மூச்சில் ஓடிவந்த கார், சந்தையில் பத்து நிமிடம் நின்றதும் கிளம்பாது. ஓடும்போது விசிறியும் குளிர்நீரும் வெப்பத்தை அகற்றுகின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, எஞ்சினின் வெப்பம் பொனற்றுக்குள் தேங்குகிறது. பெற்றோலின் மிக இலகுவான கூறுகள் ஆவியாகத் தொடங்குவதற்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் இளஞ்சூடே போதும். குழாயில் ஆவி அடைத்தால் பம்பால் திரவத்தை இழுக்க முடியாது. பொனற்றைத் திறந்து வைத்து, பெற்றோல் குழாயில் ஈரத்துணி சுற்றிக் காத்திருங்கள். மைனரின் மின் பம்ப் இதைக் காதுக்கே சொல்லும். சாவியைப் போட்டதும் சில தடவை 'டிக்' என்று அடித்துவிட்டு ஓய்ந்தால், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் நிறைந்துவிட்டது. ஓயாமல் வேகமாக அடித்தால் ஆவியையோ காற்றையோ இழுக்கிறது, அல்லது பெற்றோல் தாங்கி வெறுமையாக இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் தொடுமுனை கரிந்துவிட்டது. சூடேறினால் மட்டும் கெடும் கொயிலும் இதே நாடகத்தை ஆடும். ஆகவே கார் நின்றுபோன அந்த நேரத்திலேயே தீப்பொறியைப் பார்த்துவிடுங்கள். ஆறிய பிறகு இரண்டுமே நல்ல பிள்ளைகள்.

2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களில் இன்னொன்றையும் காண முடிந்தது. இலகுவான கூறுகள் பறந்துபோக, மிஞ்சியது பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

பொறியும் பெற்றோலும் சரியாக இருந்தும் எஞ்சின் சோர்ந்தே ஓடினால் அமுக்கத்தை அளக்கும் மீற்றர் தேவை. ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டினால் பிளக் குழி வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஒயில் பிஸ்டன் வளையங்களைச் சுற்றித் தங்கி இடைவெளியை அடைக்கும், மேலேயுள்ள வால்வுகளை எட்டாது. அளவு ஏறினால் தேய்ந்தவை வளையங்கள், ஏறாவிட்டால் வால்வுகள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவிலுள்ள காஸ்கட் வெடித்திருக்கும். இந்த மூன்றும் கராஜில் செய்ய வேண்டிய வேலைகள். எதைத் திறக்க வேண்டும் என்பதை நீங்களே அங்கே சொல்லலாம்.