பிக்மென்ட் என்பது நிறமி, சாயம் அன்று

எண்ணெயிலோ நீரிலோ கரையாமல், நுண்துகளாகவே நின்று நிறம் தரும் பொருளை ஓவிய வண்ணம் தயாரிப்போர் ‘பிக்மென்ட்’ என்கின்றனர். இதற்குரிய தமிழ்ச் சொல் நிறமி. நான்கு கால் உடையது நாற்காலி ஆனதைப் போல, நிறம் உடையது நிறமி ஆயிற்று. பாடநூல்களில் இலையின் பச்சையத்தையும் தோலின் மெலனினையும் குறிக்கவே இச்சொல் பெரிதும் வழங்குவதால், ஓவியத்துக்கு ‘வண்ணப்பொடி’ என்று எழுதுவோரும் உண்டு. எண்ணெயில் குழைத்துக் குழாயில் அடைத்த பிறகு அது பொடியாக இருப்பதில்லை. நிறமியாக மட்டும் எப்போதும் இருக்கிறது. ஆகவே நிறமி என்பதே தகும்.

பிக்மென்ட் என்பதன் வேர், தீட்டுதல் என்று பொருள்படும் ‘பிங்கெரே’ என்னும் இலத்தீன் வினை. அதிலிருந்து பிறந்த ‘பிக்மென்டும்’ இடைக்கால ஐரோப்பாவில் நறுமணப் பொருளையும் மருந்துச் சரக்கையும்கூடக் குறித்தது. அக்கால ஓவியர்கள் தங்கள் நிறமிகளைப் பெரும்பாலும் மருந்துக் கடைகளில் வாங்கினர். இந்த உறவு நமக்கும் புதிதன்று. சித்த மருத்துவம் வேரூன்றிய குமரி மாவட்டத்தில், வைத்தியர்கள் கையாண்ட சாதிலிங்கமும் அரிதாரமும் காவிக்கல்லும் நிறமிகளே. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்பு. அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள். இரண்டும் நஞ்சு. பழைய வண்ணத் தயாரிப்பாளரின் பட்டறையில் மருந்தறிவு இல்லாதவர் வேலை செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறமியையும் சாயத்தையும் ஒன்றாக எழுதுவது இன்று பரவலாக உள்ள பிழை. சாயம் கரையும், நூலுக்குள் ஊறும், துவைத்தால் ‘சாயம் போகும்’. நிறமி கரையாது, பரப்பின்மேல் ஒரு பசையால் ஒட்டி நிற்கும். சாயத்தைப் படிகாரத்தின் துணையோடு கரையாத துகளாக்கினால் அதுவும் நிறமி ஆகிவிடும். அவ்வகைக்கு ஐரோப்பியர் இட்ட ‘லேக்’ என்ற பெயர், ஏரியைக் குறிக்கும் சொல்லன்று. நாம் அரக்கு என்று சொல்லும் பொருளின் வடசொற்பெயர் பல நாடு கடந்து அவ்வடிவம் பெற்றது. அரக்குப் பூச்சி தரும் சிவப்பே அதன் தொடக்கம்.

நிறமியின் மூலத்தைக் கண்ணால் கண்டு அறிய விரும்புவோர் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குச் செல்லலாம். அலை ஒதுக்கிய கருமணல் பட்டை பட்டையாகக் கிடக்கும். ஒரு பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம் தெரியும். வலுவான காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் துகள்கள் நகரும். அவற்றில் பெரும்பங்கு இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட். 1909இல் ஏற்றுமதிக் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலைக் கண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்குள்ள மோனசைட் என்ற மற்றொரு கனிமத்தை அடையாளம் கண்டார். இல்மனைட்டின் மதிப்பு பின்னர்தான் உணரப்பட்டது. கந்தக அமிலத்தில் இக்கனிமத்தைக் கரைத்து, இரும்பைப் பிரித்து நீக்கி, எஞ்சியதைச் சூளையில் சுட்டால் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி கிடைக்கிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், இதற்கு ரூட்டைல் என்னும் படிக வடிவில் சுமார் 2.7, ஆளி விதை எண்ணெயினுடையது சுமார் 1.48. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இந்தப் பெரும் வேறுபாடே அடிப்பூச்சை முற்றிலும் மறைக்கும் வெண்மையைத் தருகிறது. 1916இல் நார்வேயிலும் அமெரிக்காவிலும் வணிக உற்பத்தி தொடங்கி, 1920களில் அது ஓவியரின் தட்டுக்கு வந்து, நஞ்சுடைய ஈயவெள்ளையை மெல்ல ஒதுக்கியது. உலகின் மிக வெண்மையான நிறமிகளுள் ஒன்றின் மூலப்பொருள் நம் கரையின் கறுப்பு மணலில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பே.

நிறமியை வண்ணமாக மாற்றுவதில்தான் தயாரிப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. வழவழப்பான கல்லில் நிறமியையும் எண்ணெயையும் வைத்து, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் வட்டமாக அரைப்பது பழைய முறை. மூன்று உருளைகளுக்கிடையே விழுது நசுங்கிச் செல்வது ஆலை முறை. அம்மியில் மசாலை அரைப்பதுபோல் துகளை உடைப்பது இதன் நோக்கமன்று. ஒட்டிக்கிடக்கும் கட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு துகளும் எண்ணெயில் நனையச் செய்வதே நோக்கம். சாதிலிங்கம் அரைக்க அரைக்கச் சிவப்பு ஏறும். லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லோ மிக நுண்மையானால் வெளிறும். எந்த நிறமிக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் என்பது அந்தந்த நிறமியைப் பொறுத்தது. பிணைக்கும் பொருளும் மாறும்: எண்ணெய் வண்ணத்துக்கு ஆளி விதை எண்ணெய், நீர்வண்ணத்துக்கு அரபுப் பிசின், பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்கள் சார்ந்த கேரள மரபில் வேப்பம்பிசின். 1832இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன், 1834இல் துத்தநாக வெள்ளையை ‘சைனீஸ் ஒயிட்’ என்ற பெயரில் நீர்வண்ணமாக்கியது. 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடிக்கும்வரை, எண்ணெய் வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்கப்பட்டது.

நாகர்கோவில் கடையில் வண்ணக்குழாய் வாங்கும் மாணவர் முன்பக்கப் பெயரை நம்பாமல், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிறமிக் குறியீட்டைப் படிக்க வேண்டும். பி.டபிள்யூ. (பிக்மென்ட் ஒயிட்) 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.டபிள்யூ. 4 துத்தநாக வெள்ளை, பி.பி. (பிக்மென்ட் புளூ) 29 அல்ட்ராமரைன் நீலம். பெயரோடு ‘ஹியூ’ என்று சேர்ந்திருந்தால், பெயரிலுள்ள நிறமிக்கு மாற்றாக வேறு நிறமிகளால் அதே சாயலை உண்டாக்கியுள்ளனர் என்று பொருள். அதனைத் தமிழில் ‘சாயல் வண்ணம்’ என்று எழுதலாம்.