பெயர் சொல்லி வெடிக்கும் பட்டாசு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்ததாம், கூடவே "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ், நீலக் கோட்டைத் தொடவும்" என்று ஒரு வரி. தொட்டால் திரை இருட்டாகி, பட்டாசு வெடித்து, நாத்தனார் பெயர் தங்க நிறத்தில் மின்னுகிறது. கீழே ஒரு கட்டம், அதில் இவர் தன் பெயரைப் போட்டதும் இவருக்கென்று ஒரு புது லிங்க். "எங்க ரெண்டு பேர் பெயரும் அதுக்கு எப்படித் தெரியும்? போன்ல இருக்கிற காண்டாக்ட் எல்லாத்தையும் எடுத்துக்குமா?" என்பது கேள்வி.

எடுத்துக்கொள்ளாது. பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம் உங்கள் அனுமதி இல்லாமல் காண்டாக்ட் பட்டியலைப் படிக்க முடியாது. அந்தப் பக்கத்துக்கு உங்கள் நாத்தனார் யாரென்றே தெரியாது. கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பத்திரிகையும் ஒரே அச்சு, கவர் மேல் மட்டும் பேனாவால் ஒவ்வொரு பெயராக எழுதுகிறோம். இங்கே கவர் என்பது அந்த லிங்க். அதில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதற்கு அப்புறம் வருவது முழுக்க உங்கள் நாத்தனார் தட்டிய பெயர்தான். பக்கம் திறந்ததும் ஒரு சின்ன நிரல் அந்த வாலைப் பிடித்துப் பெயரை உருவித் திரையில் ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

தமிழில் பெயர் போட்டால் லிங்க் ஏன் அனுமார் வால் மாதிரி நீள்கிறது என்று கவனித்திருப்பீர்கள். முருகன் நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ம, உகரக் கொக்கி, ர, இன்னொரு கொக்கி, க, ன, புள்ளி என்று ஏழு. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடை இணையத்தில் எழுதும் UTF-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு) பிடிக்கும், லிங்கில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக உடைந்து மூன்று இடம் பிடிக்கும். ஏழு மூணு இருபத்தொன்று, அதை மூன்றால் பெருக்கினால் 63. நாலெழுத்து முருகன் 63 எழுத்தாகப் பயணம் செய்துதான் உங்கள் போனில் மறுபடி முருகன் ஆகிறார்.

சரி, இதில் யாருக்கு என்ன லாபம்? பட்டாசுக்கு மேலேயும் கீழேயும் விளம்பரம் இருந்திருக்குமே, அதில்தான். இத்தனை பேர் பார்த்தால் இவ்வளவு என்று அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்குக் காசு வரும். ஆனால் அவர் விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை, போஸ்டர் ஒட்டவில்லை, உங்களையும் உங்கள் நாத்தனாரையும் ஒட்ட வைத்துவிட்டார். பெயரைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. இதே உத்திதான் முன்பு போஸ்ட் கார்டில் வந்தது. "இந்த சாமி மகிமையை 21 பேருக்கு எழுதி அனுப்பு, கிழித்துப் போட்டவன் வியாபாரம் நொடித்துப் போனான்" என்று வரும், எங்கள் வீட்டில் பயந்துபோய் உட்கார்ந்து 21 கார்டு எழுதியவர்கள் உண்டு. சாமி பயத்தைவிட இந்தப் பெயர் ஆசை எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். 2018-ல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. ஆனால் இங்கே ஒவ்வொருவரும் அனுப்புவது அவரவர் பெயர் போட்ட புது லிங்க், அதனால் அந்தத் தடுப்பு இதை அவ்வளவாகத் தொடாது. பெயரோடு நிற்கிற வரை சரி. சக்கரத்தைச் சுற்றினால் போன் பரிசு, இருபது பேருக்கு அனுப்பு, நம்பர் கொடு, ஓடிபி சொல் என்று ஆரம்பித்தால் அது வேறு கும்பல், உடனே மூடிவிடுங்கள்.

வியாபாரக் கதை இவ்வளவுதான். எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது அந்தப் பட்டாசைப் பற்றி.

என் அக்கா வீட்டுக்காரர் எம்.சி. ரோட்டில் நைட்டி, சுடிதார் கடை வைத்திருக்கிறார். தீபாவளி சமயத்தில் அந்தத் தெருவில் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்துக் கடைக்காரர் இப்படி ஒரு வாழ்த்துப் பக்கம் போட்டு கஸ்டமர்களுக்கு எல்லாம் அனுப்பிவிட்டார் என்றதும் இவருக்கும் ஒன்று வேண்டும் என்றாகிவிட்டது. அக்கா பையன் பதினொன்றாவது, கம்ப்யூட்டர் குரூப். "மாமா, நீ வா, செஞ்சிடலாம்" என்றான். கொருக்குப்பேட்டையில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

திரைப் பட்டாசில் மருந்தும் இல்லை, படமும் இல்லை. ஒவ்வொரு பொறியும் நாலே நாலு எண். இப்போது குறுக்கே எங்கே இருக்கிறது, மேலே கீழே எங்கே, குறுக்கே என்ன வேகம், மேலே கீழே என்ன வேகம். திரை நொடிக்கு 60 தடவை புதிதாக வரையப்படும், ஒவ்வொரு தடவையும் வேகத்தை இடத்தோடு கூட்டு, கீழ்நோக்கிய வேகத்தில் புவியீர்ப்புக்காகக் கொஞ்சம் சேர், காற்றுத் தடைக்காக எல்லா வேகத்தையும் 0.96-ஆல் பெருக்கு. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல்தான். தீ, புகை, பொறி போன்று உருவம் நிலைக்காதவற்றை இப்படித் துகள் கூட்டமாகக் கணக்குப் போடும் வழியை, லூகாஸ்ஃபிலிம் சினிமா கம்பெனியில் இருந்த வில்லியம் ரீவ்ஸ் ஒரு ஹாலிவுட் படத்துக்காகச் செய்துவிட்டு 1983-ல் கட்டுரையாக எழுதினார். அன்றைக்குப் பெரிய கணினிகள் செய்த வேலையை இன்றைக்கு வாழ்த்து அனுப்பும் போன் செய்கிறது.

பையன் எழுதிய முதல் வெடி சதுரமாக வெடித்தது. நிஜமாகவே சதுரம், கேரம் போர்டு மாதிரி. குறுக்கே ஒரு தற்செயல் எண், நெடுக்கே ஒரு தற்செயல் எண் என்று வேகம் கொடுத்திருந்தான், இரண்டுக்கும் ஒரே உச்ச எல்லை என்றால் பொறிகள் சதுரத்தைத்தான் நிரப்பும், மூலைக்குப் போகிறவை கூடுதல் தூரம் போய்விடும். திசைக்கு ஒரு கோணம், வேகத்துக்கு ஓர் அளவு என்று பிரித்து, சைன் காஸ் போட்டதும் வட்டமானது. "இதுக்குத்தான் சைன் காஸா?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்தபோது, பரீட்சைக்கு நிரலை மனப்பாடம் செய்ய வைக்கிறவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

வட்டம் வந்தும் பட்டாசாகத் தெரியவில்லை. புள்ளிகள் நகர்கின்றன, கொசு பறக்கிற மாதிரி. வால் இல்லை. கம்பி மத்தாப்பை இருட்டில் சுற்றினால் வளையம் தெரிகிறதே, அது மத்தாப்பில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. பார்த்த வெளிச்சத்தைக் கண் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் பிள்ளைகள் மத்தாப்பால் காற்றில் பெயர் எழுத முடிகிறது. திரையின் மங்கலான புள்ளிக்கு அது போதாது, வாலை நாம்தான் வரைய வேண்டும். ஒவ்வொரு பொறியும் கடந்து வந்த இடங்களை எல்லாம் நினைவில் வைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் மங்கலாக வரைவதா? முந்நூறு பொறி, ஒவ்வொன்றுக்கும் இருபது பழைய இடம், மலிவு போன் திணறிவிடும்.

இங்கேதான் ஒரு தந்திரம் இருக்கிறது, யார் முதலில் செய்தாரோ அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். பொதுவாக ஒவ்வொரு தடவையும் திரையை முழுக்கக் கறுப்படித்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததை வரைவோம். அப்படித் துடைக்காதே, அதற்குப் பதில் பத்து சதவீதம் மட்டுமே மறைக்கிற மெல்லிய கறுப்பை ஒரு கோட் அடித்துவிட்டு வரை. அவ்வளவுதான் மாற்றம், ஒரே வரி.

பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வே சுவரைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தேர்தல் முடிந்ததும் சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள், தண்ணியாகக் கரைத்து ஒரே கோட். போன தேர்தல் சின்னம் நன்றாகவே தெரியும், அதற்கு முந்தைய தேர்தல் சின்னம் மேல் இரண்டு கோட் விழுந்திருப்பதால் கொஞ்சம் மங்கல், அதற்கும் முந்தையது உற்றுப் பார்த்தால்தான். திரையிலும் அதே கதை, ஆனால் நொடிக்கு 60 தேர்தல். பொறி இப்போது இருக்கும் இடம் பளிச், ஒரு கணம் முன்பு இருந்த இடம் ஒரு கோட் மங்கல், அதற்கு முன்பு இருந்தது இரண்டு கோட். வால் தானாக வந்துவிடுகிறது. பொறிக்குத் தன் வாலைப் பற்றி ஒன்றுமே தெரியாது, தான் எங்கிருந்து வந்தோம் என்பதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் முழுக்கச் சுவரில்தான் இருக்கிறது.

எண்ணில் பாருங்கள். முழு வெளிச்சம் என்பது 255. ஒரு கோட் அடித்தால் 230, அப்புறம் 207, 186, 167, 150, 135, 122. ஏழு கோட்டில் பாதி. நொடிக்கு 60 என்றால் இது ஒன்பதில் ஒரு நொடி, ஏறக்குறைய மத்தாப்பு வெளிச்சத்தைக் கண் பிடித்து வைக்கிற அதே நேரம். இன்னொரு ஏழு கோட்டில் மறுபடி கிட்டத்தட்டப் பாதி. டம்ளரில் வைத்த டீ ஆறுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குப்படிதான், கதிரியக்கப் பொருள் சிதைவதும் இதே கணக்குதான், மிச்சம் இருப்பதில் இத்தனை சதவீதம் போய்க்கொண்டே இருப்பது. அதனால்தான் அந்த வால் கத்தரித்த மாதிரி நிற்காமல் இயல்பாக மங்குகிறது. பத்து சதவீதத்தை ஐந்தாக்கினால் வால் நீண்டு தங்க மழை மாதிரி தொங்கும், முப்பதாக்கினால் சுருங்கிப் பொறி வாணம் ஆகிவிடும். பையன் அந்த ஒரு எண்ணை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் விளையாடினான்.

அவன் போனில் திறந்தபோது எல்லாம் அவசரமாக வெடித்தன, என் பழைய போனில் நிதானமாக. அவனுடையது நொடிக்கு 120 தடவை வரைகிற திரை, நாங்கள் எத்தனை கோட் என்று எண்ணினோமே தவிர நேரத்தை எண்ணவில்லை. எவ்வளவு நேரம் கழிந்தது என்று அளந்து அதற்கேற்ப நகர்த்தும்படி திருத்தினோம். கடை விளம்பரம் போடுகிறவர்கள் பல பேர் தங்கள் விலையுயர்ந்த போனில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள், வாங்குகிற ஜனங்கள் கையில் இருப்பது வேறு போன்.

இதில் ஒரு வேடிக்கை. ராத்திரி கரண்ட் போனது. லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் கீழே சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கறுப்புத் திரையில் சாம்பல் கறை, வெடித்த இடமெல்லாம் கம்பி கம்பியாக. பையன் சட்டை நுனியால் திரையைத் துடைத்தான், போகவில்லை. கறை கண்ணாடியில் இல்லை, கணக்கில் இருந்தது. வெளிச்சத்தைத் திரை முழு எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும், பின்னம் கிடையாது. மங்கி மங்கி 5-க்கு வந்தது என்று வையுங்கள், அடுத்த கோட்டில் அது 4.5 ஆக வேண்டும், முழு எண்ணாக்கினால் மறுபடி 5. எத்தனை கோட் அடித்தாலும் 5 ஐந்தாகவே நிற்கும், ஆயிரம் கோட் அடித்தாலும் சுவரில் சின்னம் போகாது. ஐந்து சதவீதக் கோட் என்றால் இன்னும் மோசம், 10-லேயே சிக்கிக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது, இருட்டில் தெரியும்.

தீபாவளி முடிந்ததும் இதே நிரலில் புவியீர்ப்பைக் குறைத்து, பொறியை வெள்ளையாக்கி, பக்கவாட்டில் ஒரு சைன் ஆட்டம் கொடுத்தால் கிறிஸ்துமஸ் பனி. ராயபுரத்தில் டிசம்பரில் பெய்வது புயல் மழைதான், ஆனாலும் வாழ்த்துப் பக்கத்தில் பனிதான் கொட்டும். புவியீர்ப்பைத் தலைகீழாக்கிப் பானை வாயில் கொண்டுபோய் வைத்தால் பொங்கல் நுரை பொங்குகிறது. வருஷம் முழுக்கப் பண்டிகைக்கு ஒரே நிரல், நாலு எண் மாற்றினால் போதும்.

கறைக்கு மருந்து உண்டு. பத்து நொடிக்கு ஒரு முறை வெடி இல்லாத நேரமாகப் பார்த்துத் திரையை முழுக்கக் கறுப்படித்துவிட்டால் போய்விடும், நான் அந்த வரியைச் சேர்க்கப் போனேன். பையன் கையைத் தட்டிவிட்டான். "பட்டாசு வெடிச்சா புகை நிக்காதா மாமா? நம்ம தெருவுல போன வருஷம் காலைல எட்டு மணி வரைக்கும் நின்னுச்சே." அப்படியே விட்டுவிட்டோம். மறுநாள் அக்கா வீட்டுக்காரர் கடையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார், கடைப் பெயரின் எழுத்து இன்னும் பெரிதாக இருக்க வேண்டுமாம்.