சப்பாணி, சீனு, மலைக்கள்ளன்: பட்டப்பெயர் மட்டும் ஏன் மறப்பதே இல்லை?

"16 வயதினிலே" 1977-இல் வந்தது. அதில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் என்ன என்று கோபியிலோ காங்கேயத்திலோ ஒரு டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் யோசிக்காமல் "சப்பாணி" என்பார்கள். ஆனால் அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் சப்பென்று அறைந்துவிடு என்று நாயகி மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தமிழ்த் திரையின் மிக அழகான காதல் காட்சிகளில் ஒன்று அது. ஒருவனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும்? இருந்தும் படம் பார்த்த நாம் அவனைச் சப்பாணி என்றுதான் நினைவு வைத்திருக்கிறோம். இதற்குக் காரணம் நம் மூளை பெயர்களைச் சேர்த்துவைக்கும் விதம்.

1987-இல் பிரிட்டனில் சில உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் குடும்பப் பெயரையும் தொழிலையும் சொல்லி, பிறகு நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் "பேக்கர்" என்றால் ரொட்டி சுடுபவர். அங்கே அது குடும்பப் பெயராகவும் உண்டு. ஒரே சொல்தான், ஆனால் தொழிலாகச் சொன்னபோது எளிதாக நினைவில் நின்றது, பெயராகச் சொன்னபோது நழுவியது. ரொட்டி சுடுபவர் என்றதும் மாவு, அடுப்பு, வாசனை என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த பத்து விஷயங்களோடு அந்த முகம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. வெறும் பெயருக்கு அந்த ஆளைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

பட்டப்பெயர் தொழிலின் பக்கம் நிற்கிறது. சப்பாணி என்றதும் அந்த நடை வந்துவிடும். அதே படத்தில் ரஜினிகாந்த் பெயர் பரட்டை. தலையைப் பார்த்தாலே போதும். கோபாலகிருஷ்ணன் என்பதற்கு இப்படித் திரையில் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை.

நம் கொங்கு நாட்டில் பட்டப்பெயருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழனி, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று திரும்பிய பக்கமெல்லாம் முருகன் இருக்கும் சீமை இது. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, ஒரே ஊரில் பழனிசாமியும் சுப்பிரமணியும் பொன்னுசாமியும் பெருகிவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் இது புரியும். "பேரு சொல்லுங்க." "பழனிசாமிங்க." பேனா நின்றுவிடும். "எந்தப் பழனிசாமிங்க?" "மேட்டுத் தோட்டங்க." இப்போது பேனா நகரும். ஊர், தோட்டம், செய்கிற தொழில், சில சமயம் ஊரே வைத்த பட்டப்பெயர் என்று எல்லாம் அந்த நோட்டில் ஏறும்.

1948-இல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, எட்டுப் பேரில் ஒருவரைப் பிரித்துக் காட்ட மூன்று பிட் தகவல் வேண்டும். அதாவது, ஆம்-இல்லை என்று பதில் வரும் மூன்று கேள்விகள். எட்டுப் பழனிசாமிகள் இருக்கும் ஊரில் "பழனிசாமி" என்ற சொல் அந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் தராது. "மேட்டுத் தோட்டம்" மூன்றுக்கும் சேர்த்துத் தந்துவிடும். "தில்லானா மோகனாம்பாள்" நாயகன் வெறும் சண்முகசுந்தரமாக இல்லாமல் சிக்கல் சண்முகசுந்தரமாக இருப்பதும் இதே கணக்குத்தான். நாதசுரக்காரர்களை ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

கோவை பட்சிராஜா நிறுவனம் 1954-இல் எடுத்த "மலைக்கள்ளன்" இன்னும் ஒரு படி மேலே போகிறது. கதை நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். எழுதியவரும் எடுத்தவர்களும் நம் சீமை. எம்.ஜி.ஆர். அதில் ஒரே ஆள், மூன்று பெயர்: குமாரவீரன், அப்துல் ரஹீம், மலைக்கள்ளன். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்ற இரண்டையும் மூன்றாவது பெயர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. படத்துக்குத் தலைப்பாக நின்றது அதுதான், வியப்பில்லை.

செல்லப்பெயர் கதை வேறு. அதில் படம் இருப்பதில்லை, ஓசைதான் இருக்கிறது. நீலகிரியின் கேத்தியில் நடக்கும் "மூன்றாம் பிறை" (1982) நாயகன் சீனிவாசன், எல்லோருக்கும் சீனு. நாயகி பாக்கியலட்சுமி, விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பிறகு விஜி. சீனு, விஜி, ராமு, சுப்பு, லச்சு என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். நான்கைந்து அசை உள்ள பெயர் இரண்டு அசைக்குள் வருகிறது. கடைசியில் "இ" அல்லது "உ" ஒட்டிக்கொள்கிறது. பெயரை இரண்டு அசைக்குச் சுருக்குவது ஜப்பானியம் உட்பட உலகின் பல மொழிகளில் உண்டு. ஸ்ரீ போன்ற கடினமான கூட்டொலி உடைந்து "சீ" ஆவதும், பேசப் பழகும் குழந்தை சொற்களை உடைக்கும் அதே வழி.

கடைசியில் உயிரெழுத்து எதற்கு? கூப்பிடுவதற்கு. க், ட், ப் போன்ற வல்லின மெய்களில் காற்று ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அவற்றை நீட்ட முடியாது. உயிரொலியில் வாய் திறந்தே இருப்பதால் மூச்சு உள்ளவரை நீட்டலாம், ஒலியும் தூரம் போகும். தொல்காப்பியம் இதற்கென்றே விளிமரபு என ஓர் இயல் வைத்திருக்கிறது: இகரத்தில் முடியும் பெயர் கூப்பிடும்போது ஈகாரமாக நீளும், நம்பி "நம்பீ" ஆகும். விஜியும் அப்படித்தான் "விஜீ" ஆகிறாள். தோட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் "கண்ணூ" என்று குரல் கொடுக்கும் எந்த அப்பத்தாவுக்கும் இந்த இலக்கணம் தொண்டையிலேயே இருக்கிறது.

ஓசைக்கே ஒரு வடிவம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2001-இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் வளைவான ஓர் உருவத்தையும் காட்டி, எது "கிகி", எது "பூபா" என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுவோரும் கிட்டத்தட்ட எல்லாருமே கூரானதைக் கிகி என்றார்கள். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியை ஒரு முறை சொல்லிப் பாருங்கள். ஆள் வருவதற்கு முன்பே சலங்கை வந்துவிடும்.

"மூன்றாம் பிறை"யின் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ரயில் நிலையத்தில் சீனு "விஜி" என்று கதறுகிறான், அவள் திரும்புவதில்லை. 1959-இல் நெவில் மோரே செய்த சோதனையில், ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், மறு காதில் தன் பெயர் வந்தபோது அதைக் கேட்டுக்கொண்டார். இரைச்சலைத் துளைத்துக்கொண்டு போகும் சக்தி சொந்தப் பெயருக்கு உண்டு. ஆனால் குணமாகி எழுந்த பாக்கியலட்சுமிக்கு விஜி சொந்தப் பெயரே இல்லை. நினைவு இப்படி வெட்டிவைத்தாற்போலப் போய் வருவது மருத்துவத்தில் அரிது. பெயரைப் பற்றி மட்டும் அந்தக் காட்சி சொல்வது சரி: செல்லப்பெயர் இரண்டு பேரின் நினைவில் ஒரே நேரத்தில் வாழ வேண்டும், ஒரு பக்கம் அழிந்தால் மறுபக்கம் வெறும் சத்தம்.

இனி, பெயரே இல்லாத காதல். கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு நம் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. அத்தை மகன், மாமன் மகள் கட்டும் ஊரில் உறவுமுறையே செல்லப்பெயராகிவிடும். கிராமத்துக் காதல் படங்களில் நாயகி "மாமா", "மச்சான்" என்று கூப்பிடுவது இங்கிருந்து வந்ததுதான். இந்தச் சொற்கள் ஆளைச் சுட்டுவதில்லை, ஆளோடு உள்ள முறையைச் சுட்டுகின்றன. ஊரில் பத்து மாமன் இருக்கலாம். எந்த மாமன் என்பதைக் குரலின் இழுப்பும் ஏற்ற இறக்கமும்தான் சொல்ல வேண்டும். நல்ல நடிகைகள் அந்த ஒரு சொல்லைக் கோபத்துக்கு ஒரு விதமாகவும் ஆசைக்கு ஒரு விதமாகவும் சொல்வது அதனால்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா "ஏனுங்க" ஆவார். பிள்ளை பிறந்ததும் "கண்ணு அப்பா" ஆவார். பெற்றோரைப் பிள்ளையின் பெயரால் அழைக்கும் இந்த முறை உலகின் பல சமூகங்களில் இருப்பதை மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காதல் படங்கள் பெரும்பாலும் தாலி கட்டியதும் முடிந்துவிடுவதால், இந்தப் பெயர் மாற்றத்தை நாம் திரையில் அதிகம் பார்த்ததில்லை.