ஒரு துளியில் ஐந்தில் ஒரு பங்கு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கோப்பாயில் எங்கள் வீட்டுப் பெற்றோல் முழுவதும் ஒரு சின்ன மருந்துப் போத்தலுக்குள் அடங்கியிருந்தது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. அப்பாவிடம் ஹொண்டா எம்.டி. 90 ஒன்று இருந்தது. யப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்த, சிவப்பு நிற, மூன்று கியர் வண்டி. அதன் தாங்கியில் மண்ணெண்ணெய். காலையில் அப்பா காபரேற்றரின் வாயைத் திறந்து, போத்தலைச் சரித்து நான்கைந்து துளி பெற்றோல் விடுவார். "தம்பி, இப்ப உதை" என்பார். நான் கிக்கரில் ஏறி நின்று முழுப் பாரத்தையும் போடுவேன். இரண்டு தடவை இருமிவிட்டு நிற்கும். மறுபடி துளி, மறுபடி உதை. ஒருவழியாகப் பிடித்துக்கொண்டதும் வெள்ளைப் புகை விறாந்தை வரை வரும், கண் எரியும்.

அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. பராமரிப்பவன் நான். எஞ்சினைக் கழற்றிப் பழகிய பிறகுதான் அந்த நான்கைந்து துளிகள் என்ன செய்தன என்பது எனக்குப் புரிந்தது.

எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல, ஆவி. பெற்றோலைப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்தாலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி அதிலிருந்து எழும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகையாவது வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலிலும் நிழலில் நிற்கும் வண்டி, அதுவும் விடியற்காலையில், அந்தச் சூட்டில் இருக்காது. ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் துளித்துளியாகவே போய், சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிளக்கையும் நனைத்துவிடும். பெற்றோல் துளிகள் முதலில் எரிந்து உலோகத்தைச் சூடாக்குகின்றன. சூடு ஏறியதும் மண்ணெண்ணெய் உள்ளே போகும் வழியிலேயே ஆவியாகிவிடும். அதன்பின் பெற்றோல் தேவையில்லை.

இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். பிரித்தானியாவில் செய்யப்பட்ட பெர்குசன் ரி.ஈ. 20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதற்காகவே வடிவமைக்கப்பட்டது: சிறு தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெயைப் போன்ற ஓர் எரிபொருள், சூடானபின் மாற்றிவிட ஒரு திறப்பு. ஆனால் அந்த இயந்திரத்தின் அமுக்கம் குறைவு. எங்கள் ஹொண்டா உள்ளே வந்த காற்றைச் சுமார் எட்டில் ஒரு பங்காக நெருக்கும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு, ஆகவே அந்த நெருக்கத்தின் சூட்டில், பொறியில் பிறந்த சுவாலை வந்து சேர முன்னரே மூலையில் உள்ள கலவை தானாக வெடிக்கும். அதுதான் பாரம் ஏற்றினால் கேட்கும் "டொக் டொக்" சத்தம். பிஸ்ரன் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்றது. மலையில்லாத ஊராக இருந்தது எங்கள் எஞ்சின்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கண்டியில் இந்த வேலையைச் செய்திருந்தால் ஒரு மாதமும் தாங்கியிருக்காது.

எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டி வழிந்து ஒயிலோடு கலந்து, அதைத் தண்ணீராக்கிவிடும். இலேசான ஒயில் உலோகங்களுக்கு நடுவே படலமாக நிற்காது. அந்த வருடங்களில் தேய்ந்த எஞ்சின்கள் பல இப்படித் தேய்ந்தவைதான்.

சரி, ஓர் எஞ்சின் ஒரு தடவைக்கு எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது? கணக்குப் பார்ப்போம். எங்கள் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 90 கன சென்ரிமீற்றர். அக்சிலறேற்றரை முழுவதும் முறுக்கித் திறந்திருந்தாலும் ஓர் உறிஞ்சலில் வரும் காற்று சுமார் 0.1 கிராம். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே ஓர் உறிஞ்சலுக்குப் பெற்றோல் 7 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலீற்றரில் நூறில் ஒரு பங்கு. மருந்துப் போத்தலில் இருந்து சொட்டும் ஒரு துளியில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும்போது இந்த அளவை நிமிடத்துக்கு 2000 தடவை பிசகாமல் அளந்து கொடுக்கவேண்டும். இதைச் செய்வது மின்சாரமோ கணினியோ இல்லாத ஒரு சிறு உலோகக் குடுவை. காபரேற்றரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

அதன் சூட்சுமம் எளிது. காற்றுக் குழாய் நடுவில் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து போகவேண்டியிருப்பதால் அங்கே அமுக்கம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல்மீது வெளிக்காற்றின் அமுக்கம் அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசம் பெற்றோலை ஜெற் என்ற துளையிட்ட சிறு துண்டின் வழியாக மேலே தள்ளுகிறது. காற்று கூடினால் இழுவையும் கூடும், பெற்றோலும் கூடும். கிண்ணத்தில் மட்டம் மாறாமல் பார்ப்பது ஒரு மிதவையும் ஊசியும். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்து செய்யும் அதே வேலை.

அளப்பது அந்த ஜெற்றின் துளைதான். அது 0.75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் அடைப்பு எடுக்கக் கொடுத்தேன். அவர்கள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திவிட்டார்கள். ஜெற் பித்தளை, மென்மையானது. துளை 0.80 ஆனாலே போதும், பரப்பு 14 வீதம் கூடிவிடும். வண்டி கறுப்பாகப் புகைத்தது, பிளக் கரி பிடித்தது, லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் போனது. ஜெற்றைப் பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். அடைப்பு இளகாவிட்டால் புது ஜெற் வாங்குங்கள். கம்பி வேண்டாம்.

வலிகாமத்துச் செம்மண் தூசியும் இதே கோளாறைச் செய்யும். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கோடை ஓடினால் காற்று வடிகட்டி செங்கல் நிறமாகிவிடும். காற்று வரும் வழி அடைபட்டால் எஞ்சின் காபரேற்றரைக் கூடுதலாக உறிஞ்சும். பெற்றோல் கூடி வரும், காற்றுக் குறைந்து வரும். காபரேற்றரின் ஸ்குறூவைத் திருகிச் சரிசெய்ய முதல் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பிளக்கின் நுனி நிறம் உண்மையைச் சொல்லும்: கபில நிறம் என்றால் கலவை சரி, கரி என்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் குறைவு. குறைவாக ஓடவிடுவது சிக்கனம் என்று சிலர் நினைப்பதுண்டு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், அவ்வளவுதான்.

அடுத்தது பொறி. பழைய வண்டிகளில் இதைத் தருவது பொயின்ற், அதாவது திறந்து மூடும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள். அவை மூடியிருக்கும்போது கொயிலின் முதலாவது கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. திறந்த கணத்தில் ஓட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாவது கம்பிச்சுருளில் பத்தாயிரம் வோல்ற்றைத் தாண்டிய அழுத்தத்தைத் தூண்டும். பொறி பிறப்பது மூடும்போதல்ல, திறக்கும்போது. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகப் பிடிபடும். பக்கத்தில் இருக்கும் கொண்டென்சர், திறக்கும் பொட்டுகளுக்கு நடுவே மின்னோட்டம் பாய்ந்து தொடராமல் தடுக்கிறது. அது பழுதானால் பொட்டுகள் கருகிக் குழிவிழும், பிளக்கில் நீலப் பொறிக்குப் பதிலாக மெலிந்த மஞ்சள் பொறிதான் வரும்.

பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. அதைத் திறக்கும் கட்டை நாளாகத் தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், திறப்பது பிந்தும், பொறியும் பிந்தும். வண்டிக்கு இழுவை குறையும், சைலன்சர் கொதிக்கும். காந்தச் சில்லில் "ரி" என்ற குறியும் "எஃப்" என்ற குறியும் இருக்கின்றன. பிஸ்ரன் உச்சியில் நிற்கும் இடம் "ரி". பொறி பிறக்கவேண்டிய இடம், அதற்குச் சற்று முந்திய "எஃப்". கலவை எரிந்து முடிய நேரம் எடுப்பதால் இப்படி முன்கூட்டியே கொளுத்தவேண்டும். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றி, "எஃப்" குறி நேரே வரும்போது பொட்டுகள் பிரிகின்றனவா என்று பாருங்கள். எனக்கு இது ஞாயிறு காலையில் கால் மணித்தியால வேலையாக இருந்தது.

புதுப்பிக்க விரும்புபவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரு மாற்றம், பொயின்ற்றுக்குப் பதிலாகப் பொறி தரும் சி.டி.ஐ. என்ற மின்னணு முறை. அதில் தேய்வதற்குப் பொட்டுகளே இல்லை. ஒரு கொண்டென்சரில் சில நூறு வோல்ற் சேமித்து, சரியான கணத்தில் கொயிலுக்குள் கொட்டிவிடும். ஆனால் அது பழுதானால் வழியில் திருத்த முடியாது. பொயின்ற்றை நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்துவிட்டாவது வீடு வந்து சேரலாம். ஆகவே கழற்றிய பழைய பொயின்ற் தட்டை நான் எறியவில்லை.

வால்வ் இடைவெளி 0.05 மி.மீ., ஒரு மெல்லிய தலைமயிரின் பருமன். எஞ்சின் முற்றாக ஆறியபின்தான் அளக்கவேண்டும். இடைவெளி கூடினால் "ரிக் ரிக்" என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து சிலர் இறுக்கிவிடுகிறார்கள். ஆபத்து அதில்தான்: சூட்டில் உலோகம் விரிந்ததும் வால்வ் முழுதாக மூடாது, எரிந்த வாயு விளிம்பைச் சுட்டுத் தின்னும்.

இனி வெளிச்சம். இரவில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்பாதை வழியாகத் தீவுப்பக்கம் போனவர்களுக்குப் பழைய 6 வோல்ற் விளக்கின் துன்பம் தெரியும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மெழுகுதிரி போல ஒரு மஞ்சள் ஒளி. குற்றம் பெரும்பாலும் பல்பில் இல்லை. 25 வாற் பல்புக்கு 6 வோல்ற்றில் சுமார் 4 அம்பியர் ஓடவேண்டும். உப்புக் காற்றில் பச்சை பூத்த இணைப்புகள் கால் ஓம் தடையைக் கொடுத்தாலும் 1 வோல்ற் வழியிலேயே போய்விடும். இழை பல்பின் ஒளி அழுத்தத்தோடு மிக வேகமாகக் குறைவதால், ஆறில் ஒரு பங்கு அழுத்தம் போனால் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே வயரில் 12 வோல்ற் என்றால் ஓடுவது 2 அம்பியர், போவது அரை வோல்ற், ஒளியில் இழப்பு ஏழில் ஒரு பங்களவுதான். 12 வோல்ற்றுக்கு மாற்றுவதன் பயன் இதுவே. அதற்குக் காசு இல்லாவிட்டால் இணைப்புகளை உரசிச் சுத்தம்செய்து, சட்டத்துக்குப் போகும் எர்த் வயரைப் புதிதாகப் போடுங்கள். நான் முதலில் செய்தது அதுதான். பாதைக் கரையில் நிற்கும் மாடு அன்றிரவு நேரத்தோடே தெரிந்தது.

பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் பற்றறித் தகடுகளிலும் வேலையைக் கெடுக்கும். கொதிக்கவைத்த தண்ணீரும் உதவாது, காய்ச்சி வடித்ததுதான் வேண்டும்.

2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியது. 2022 யூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரம் 4 லீற்றர். அந்த நாட்களில் பலர் ஹொண்டா சாலி என்ற சிறு மோட்டார் சைக்கிளையும் எம்.டி. 90 ஐயும் கொட்டிலில் இருந்து வெளியே எடுத்தார்கள். சிலர் பெரிய எஞ்சின் மாற்றிப் பூட்டுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, பிறேக்கையும் மாற்றினீர்களா என்றுதான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருந்து 60 க்குப் போனால் நிறுத்தவேண்டிய சக்தி ஒன்றரை மடங்கல்ல, இரண்டே கால் மடங்கு. அத்தனை சக்தியும் சூடாகப் போய்ச்சேருவது கையகலமான அந்தப் பழைய டிறம்முக்குள். டிறம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதவேண்டாம். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் நான் வந்து ஸ்ராண்ட் போட்டதும் விறாந்தையால் இறங்கிவந்து, குனிந்து, பெற்றோல் திறப்பை மூடிவிட்டுப் போவார். அந்தக் காலத்துச் சிக்கனத்தில் பழகிய கை என்று நினைத்திருந்தேன். காபரேற்றரைக் கழற்றியபோது மிதவை ஊசியின் நுனியில் வளையமாகத் தேய்வு இருந்தது. அப்படித் தேய்ந்த ஊசி இரவு முழுவதும் கசியும். பெற்றோல் நிலத்தில் சொட்டும், சில வேளை சிலிண்டருக்குள் இறங்கி ஒயிலோடும் சேரும். ஊசியைப் புதிதாக மாற்றிவிட்டேன். திறப்பை அவர் இன்னும் மூடுகிறார்.