விதைக்கு முன்னால் உழவு

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் நடுகிறவர்கள் விதை மஞ்சளை எடுத்ததும் மண்ணில் போட்டுவிடுவதில்லை. முதலில் உழவு, தொழு உரம், அப்புறம் பார் பிடிப்பது. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவும் விதமும் ஏறக்குறைய இதுதான். புற்றுநோய்ச் செல் விதை, அது போய் முளைக்கும் உறுப்பு மண் என்று 1889-லேயே ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர் சொல்லிவிட்டார். மண்ணை உழுவது யார் என்பதுதான் நூறு வருடமாகியும் பிடிபடவில்லை.

உழுகிற கூட்டத்தில் ஒன்று எக்சோசோம். செல்லுக்குள் உருவாகி வெளியே தள்ளப்படும் கொழுப்பு உறைப் பொட்டலம். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். இது தென்பட்டது எதில் தெரியுங்களா? செம்மறி ஆட்டு ரத்தத்தில்! 1983-ல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவினர், முதிர்ந்துவரும் சிவப்பணு தனக்கு இனி வேண்டாத புரதத்தைப் பொட்டலம் கட்டி எறிவதைக் கவனித்தார்கள். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வெறும் குப்பை என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். உள்ளே ஆர்.என்.ஏ. என்ற மரபுச் செய்தி தாங்கும் மூலக்கூறு இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்கிறது என்று 2007-ல் தெரிந்த பிறகுதான் மவுசு வந்தது.

சரி, எலும்புக்கு வருவோம். அங்கே ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, ஓரத்தை இறுக்க மூடி, அடியில் அமிலத்தைச் சுரக்கும். சுண்ணாம்புச் சத்து கரைந்து சின்னப் பள்ளம் விழும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து பள்ளத்தை நிரப்பும். நாள் தவறாமல் நடக்கிற கணக்கு இது. நுரையீரல் புற்றுநோய்ச் செல்லின் எக்சோசோம் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. அதிலிருக்கும் ஆம்பிரெகுலின் என்ற புரதம், ஆஸ்டியோகிளாஸ்டாக மாறக் காத்திருக்கும் செல்களைத் தட்டியெழுப்பி, ரேங்க்-எல் என்ற புரதத்தைக் கூட்டுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ரேங்க்-எல் கூடினால் கரைக்கிற ஆட்கள் கூடுவார்கள். கரையும் எலும்புக்குள் பூட்டிக்கிடந்த டி.ஜி.எஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் புரதம் வெளியே வந்து, குடியேறிய புற்றுநோய்ச் செல்லுக்கே உரமாகிறது. அது கொழுத்து, இன்னும் கரைக்கச் சொல்கிறது.

முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு ஆகியவற்றில்தான் இது அதிகம். எங்கள் பக்கம் முதுகு வலித்தால் காட்டு வேலை செய்த அசதி என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுப்பார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்கு இரவிலும் விடாத வலி என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் சரி. எலும்பில் பரவியிருந்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுவதுண்டு. அது ரேங்க்-எல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளம் விழுவது குறையும். பொட்டலம் வருவதை அந்த ஊசி தடுப்பதில்லை.